நூர்ஜஹானில் குணசேகரனைக் கண்ட வேலூர்

1952ஆம் ஆண்டு அக்டோபர் 17, தீபாவளி. அன்று வெளியான ‘பராசக்தி’யில் குணசேகரனாக அறிமுகமான வி.சி.கணேசனுக்கு அப்போது வயது 24. அதன்பின் 1999 வரை அவர் திரையை விட்டு விலகவே இல்லை. 280க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் கதையைச் சுமந்தவர் அவரே. இவ்வளவு நீண்ட பயணத்தைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகக் குரலில் தொடங்குவார்கள், வசனத்துக்குப் போவார்கள், கண்ணீரில் முடிப்பார்கள். வேலூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. சிவாஜி கணேசனைத் திரைக்குக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர்க்காரர். நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் முதலியார்.

இதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சிவாஜி ஏன் அத்தனை ஆண்டுகள் நிலைத்தார் என்ற கேள்விக்கான விடை, பெருமாள் முதலியார் அவரை எந்த வேடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பதிலேயே இருக்கிறது என்று நம்புகிறேன். அவர் பார்த்தது வாள் ஏந்திய வீரனையோ காதல் பேசும் இளைஞனையோ இல்லை. சக்தி நாடக சபா வேலூரில் நடத்திய ‘நூர்ஜஹான்’ நாடகத்தில், நூர்ஜஹானாகவே மேடையேறிய கணேசனைப் பார்த்தார். பெண் வேடத்தில் இருந்த ஒருவரைப் பார்த்துவிட்டு, ‘என் படத்தின் கதாநாயகன் இவர்தான்’ என்று ஒரு தயாரிப்பாளர் முடிவெடுத்தார் என்றால் அவர் தேடியது முகத்தை இல்லை, வேறொருவராக மாறும் திறமையை. அந்தத் திறமைதான் பின்னர் 47 ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது.

பெருமாள் முதலியார் முதலில் ஒரு விநியோகஸ்தர். இன்றைய வாசகர்களுக்கு அந்தத் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழ் சினிமா வியாபாரத்தில் மாநிலத்தைப் பல ஏரியாக்களாகப் பிரித்திருக்கிறார்கள். மதுரை, ராமநாதபுரம் சேர்ந்தது எம்.ஆர்.; திருச்சி, தஞ்சாவூர் சேர்ந்தது டி.டி.; திருநெல்வேலி, கன்னியாகுமரி சேர்ந்தது டி.கே. வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்ததுதான் என்.எஸ்.சி. எங்கள் வேலூர் இருந்த வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மாவட்டம் மறுபடியும் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்களாயின. ஆனாலும் சினிமா வியாபாரத்தின் பேச்சில் அந்த ‘வட ஆற்காடு’ இன்றும் உயிரோடு இருக்கிறது.

படப்பெட்டி முதலில் வேலூர் போன்ற பெரிய ஊருக்கு வரும். அங்கே ஓடி முடிந்தபின் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், ஆரணி என்று நகரும். கடைசியில் கிராமத்து டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து உட்கார்ந்து பார்க்கும் தரை டிக்கெட்காரர்களிடம் போய்ச் சேரும். கொட்டகையில் வெளிச்சம் புகும் என்பதால் அங்கே பகல் காட்சி கிடையாது; இருட்டிய பிறகுதான் படம். பீடி சுற்றுபவர்கள், தறி நெய்பவர்கள், தோல் பதனிடும் தொழிலாளர்கள் என்று கூலி கையில் வந்ததும் கொட்டகைக்கு வரும் கூட்டம் எங்கள் மாவட்டத்தில் பெரிது. எந்த இடத்தில் கைதட்டுகிறார்கள், எந்த இடத்தில் பீடி பற்றவைக்க எழுந்து போகிறார்கள் என்பதைப் படம் எடுப்பவரைவிடப் படப்பெட்டியை அனுப்புபவர்தான் முதலில் அறிவார். தியேட்டர்காரரிடம் மினிமம் கியாரண்டி (வசூல் எப்படியிருந்தாலும் அவர் தரவேண்டிய குறைந்தபட்சத் தொகை) பேசுவதும் அந்த அறிவை வைத்துத்தான். பெருமாள் முதலியார் நாடகக் கொட்டகையில் உட்கார்ந்தபோது அந்தக் கண்ணும் அவரோடு உட்கார்ந்திருந்தது.

கணேசனோ அந்த மேடைக்குச் சிறுவயதிலேயே வந்துசேர்ந்தவர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, முதலில் போட்டது சீதை வேடம். அந்தக் கம்பெனிகளில் பெண்கள் கிடையாது. குரல் உடையாத பையன்களுக்கு ஸ்திரீபார்ட் எனும் பெண் வேடம் கொடுப்பார்கள், வளர்ந்தவர்களுக்கு ராஜபார்ட் எனும் கதாநாயக வேடம். ஒரே நாடகத்தில் ஒரே பையன் இன்று ஒரு வேடம், நாளை வேறொரு வேடம் போடவேண்டியிருக்கும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் மாலையே அவர் பகுதியை மனப்பாடம் செய்து நிற்கவேண்டும். வசனம், பாட்டு, அடி, உதை, பட்டினி எல்லாம் கலந்த பள்ளிக்கூடம் அது. ஸ்திரீபார்ட் போட்டவருக்கு அங்கே ஒரு தனிப் பாடம் கிடைத்தது. தன்னுடைய நடை, கை, தோள், பார்வை எதுவுமே இயல்பாக வந்துவிடாது; ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தாக வேண்டும். சிவாஜியின் பிற்காலப் படங்களில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தனி நடை இருப்பதைக் கவனிப்பவர்கள், அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் அவரைச் ‘சிவாஜி’ என்று அழைத்ததும், அந்தப் பெயர் நிலைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த செய்திகள். தெரிந்திருந்தும் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. மராட்டிய மாவீரனாகப் பெயர் வாங்கியவரும் முகலாய அரசியாக நின்று படவாய்ப்பு பெற்றவரும் ஒரே ஆள். இரண்டையும் ஒரே உடல், சில ஆண்டுகளுக்குள் செய்தது.

‘பராசக்தி’ படமானபோது ஏவி.எம். நிறுவனத்தின் துணையோடுதான் நேஷனல் பிக்சர்ஸ் அதை எடுத்தது. மு.கருணாநிதி வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். கணேசனுக்கு மாதச் சம்பளம் 250 ரூபாய். படப்பிடிப்பு தொடங்கிச் சில நாட்களிலேயே சிக்கல் வந்தது. ஒல்லியாக இருந்த இந்த இளைஞர் ஏவி.மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி தரவில்லை. அன்று மேடையிலும் திரையிலும் பெயர் பெற்றிருந்த கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்பது அவர் விருப்பம். வியாபார நோக்கில் அது தவறான யோசனையும் இல்லை. ஸ்டுடியோ அவருடையது, அனுபவம் அவருடையது, சந்தை நிலவரமும் அவருக்குத் தெரியும். பெருமாள் முதலியார் அசையவில்லை. கணேசன்தான் நடிப்பார் என்பதில் உறுதியாக நின்றார். படம் கணேசனை வைத்தே முடிந்தது. அவர் நடித்த சில காட்சிகள் பின்னர் மறுபடியும் எடுக்கப்பட்டன. அவர் கேமரா முன் முதலில் பேசிய சொல் ‘சக்சஸ்’. அந்த இடத்தில் ஏவி.எம். ஸ்டுடியோவிலேயே பின்னாளில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

இன்னொரு தடையும் இருந்தது. அஞ்சலிதேவியின் தயாரிப்பில் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டு வந்த ஒரு படத்திலும் அதே காலத்தில் கணேசன் நடித்துக்கொண்டிருந்தார். அது முதலில் வந்திருந்தால் அவருடைய முதல் படம் அதுவாகவே இருந்திருக்கும். ‘பராசக்தி’ முதலில் வெளிவரட்டும் என்று விட்டுக்கொடுக்கப்பட்டது. ஒரு புதுமுகத்தின் வாழ்க்கை எத்தனை பேருடைய பெருந்தன்மையால் உருவாகிறது என்பதை நினைத்துப் பார்க்கும்போது நெகிழ்ச்சியாக இருக்கிறது.

சிவாஜி இதை மறக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூருக்கு வந்து, பெருமாள் முதலியார் வீட்டில் அவருக்கும் குடும்பத்தாருக்கும் புத்தாடைகளும் சீரும் வைத்து வணங்கிவிட்டுப் போவது அவர் வழக்கம். அவருக்குப் பின் மகன் பிரபு அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார். பொங்கல் சீர் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குப் போகும். இங்கே மகன் நிலையில் இருந்தவர் தந்தை நிலையில் இருந்தவருக்குக் கொண்டுவந்தார். ஊரில் பெரியவர்கள் இன்றும் இதைச் சொல்லும்போது, படங்களைவிட இதைத்தான் உயர்த்திச் சொல்கிறார்கள். இது நன்றியுணர்வின் அடையாளம் என்பது சரிதான். அதோடு, தன் தொழிலின் தொடக்கம் எது என்பதைப் பற்றி அவருக்கு இருந்த தெளிவையும் இது காட்டுகிறது.

பெருமாள் முதலியாரின் தேர்வு ஒரு தற்செயல் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு 1954-ஐ நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு நேஷனல் பிக்சர்ஸ் எடுத்த படம் ‘ரத்தக்கண்ணீர்’. கதாநாயகன் எம்.ஆர்.ராதா. குஷ்டரோகியாகச் சிதைந்துபோகும் ஒரு பாத்திரத்தை நடுவில் வைத்து, மேடை நடிகர் ஒருவரை நம்பிப் பணம் போட்டார். பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் சிறுவன் கணேசனுக்கு மூத்தவராக இருந்தவர் ராதா. இரண்டு முறையும் அந்த வேலூர் விநியோகஸ்தர் மேடையைத்தான் பார்த்தார், இரண்டு முறையும் அழகைத் தேடவில்லை, இரண்டு முறையும் ஜெயித்தார்.

அதே 1954-ல் சிவாஜி என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி. ‘பராசக்தி’ 175 நாள் ஓடியது. அதை மறுதணிக்கை செய்யவேண்டும் என்ற அளவுக்குச் சர்ச்சையும் எழுந்தது. அப்படி ஒரு வெற்றிக்குப் பின் எந்த நடிகரும் அதே குணசேகரனைப் பத்துப் படங்களுக்கு நீட்டியிருப்பார். சிவாஜியின் வரிசை வேறு மாதிரி போனது. 1953-ல் ‘திரும்பிப் பார்’ படத்தில் பெண்பித்தன். 1954-ல் ‘மனோகரா’வில் தாய்க்காகச் சங்கிலியை அறுக்கும் இளவரசன். பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தில் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் துரோகி. அதை எடுத்ததும் அதே ஏவி.எம்.தான். ‘தூக்குத் தூக்கி’யில் கிராமியக் கதைநாயகன், டி.எம்.சௌந்தரராஜன் குரலும் சிவாஜி முகமும் முதலில் சேர்ந்தது அங்கே. எம்.ஜி.ஆரோடு அவர் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’யில் நண்பனின் மனைவி மீது ஆசைப்படும் தீயவன். ‘துளி விஷம்’ படத்தில் வில்லன். அதில் கதாநாயகன் யார் என்றால், ‘பராசக்தி’யில் இவருக்குப் பதிலாகப் போடலாம் என்று பேசப்பட்ட அதே கே.ஆர்.ராமசாமி.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. அறிமுகமாகி இரண்டே ஆண்டுகள் ஆன நட்சத்திரம் வில்லனாகவும் துரோகியாகவும் நடிக்கிறார். ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்களே என்ற அச்சம் இல்லை. சீதையும் நூர்ஜஹானும் போட்டவருக்கு, பாத்திரம் வேறு, தான் வேறு என்பது சிறுவயதிலேயே ரத்தத்தில் ஊறியிருந்தது. அதனால்தான் அவருக்கு ஒரு பிம்பம் தேய்ந்துபோனால் அடுத்தது கையில் இருந்தது. ஒரே பிம்பத்தை வைத்திருந்தவர்கள் அது பழசானபோது சேர்ந்து பழசானார்கள்.

இனி அவர்மீது எப்போதும் வைக்கப்படும் குற்றச்சாட்டுக்கு வருவோம். மிகை நடிப்பு. இதைப் பற்றிப் பேச வட ஆற்காட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

எங்கள் பகுதி தெருக்கூத்தின் தாய்மண். கூத்துக்குப் பேர்போன, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் புரிசை கிராமம், அன்றைய வட ஆற்காட்டில் இருந்தது. கோடைக்காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. வில்வளைப்பில் தொடங்கி, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அரவான் களபலி, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று விடியவிடிய நடக்கும். கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் அணிந்து கூத்தாடி திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடித் தன்னை அறிமுகம் செய்துகொண்ட பிறகுதான் முகம் காட்டுவார். ஊரே தரையில் உட்கார்ந்திருக்கும். கடைசி வரிசையில் இருக்கும் கிழவிக்கும் கர்ணனின் துயரம் தெரியவேண்டும். ஆகவே புருவம் பெரிதாக உயரும், கை அகலமாக விரியும், குரல் வயல்வெளியைத் தாண்டும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். கர்ண மோட்சத்தில் போருக்குப் போகும் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் தர்க்கம்தான் கூத்தின் உச்சம். பிறப்பு தெரியாதவன் என்று இகழ்ந்த மனைவியும் இகழ்ச்சியைத் தாங்கிய கணவனும் கடைசியாகப் பேசிக்கொள்ளும் அந்த நேரத்தில் அழாதவர்களை நான் பார்த்ததில்லை. பொன்னுருவியாக நிற்பவர் மீசை மழித்த ஓர் ஆண் என்பது யாருக்கும் உறுத்தாது.

இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு 1964 பொங்கலுக்கு ‘கர்ணன்’ வந்தது. பி.ஆர்.பந்துலு பெரும் செலவில் எடுத்த வண்ணப்படம். வசனம் சக்தி கிருஷ்ணசாமி. பெயரைக் கவனியுங்கள், கணேசன் நூர்ஜஹானாக நின்ற சக்தி நாடக சபாவை நடத்தியவர் அவர்தான். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனமும் அவருடையதே. படத்தில் பொன்னுருவி இல்லை. கர்ணனின் மனைவி சுபாங்கி, நடித்தவர் தேவிகா. ஆனாலும் தானம் கொடுத்தே தன்னை அழித்துக்கொள்ளும் கர்ணனின் மீது எங்கள் மக்களுக்கு ஏற்கெனவே இருந்த அன்பு திரையில் இருந்தவர் மீது போய் உட்கார்ந்தது. கூத்தில் கர்ணனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு சிவாஜி நடிப்பில் மிகை என்று எதுவும் தெரிந்திருக்காது. அவர் குறைத்துக்கொண்டதுதான் தெரிந்திருக்கும். கூத்தாடி முழு உடலால் செய்வதை இவர் கண்ணாலும் உதட்டாலும் செய்தார்.

‘யதார்த்தம்’ என்ற ஒரே அளவுகோலை வைத்து அவரை அளப்பது நியாயமில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர் ஒரு மரபின் தொடர்ச்சி. மேடையின் பேரளவை கேமராவின் நெருக்கத்துக்குக் கொண்டுவருவதற்கு அவர் பட்ட பாடுதான் அவருடைய முதல் இருபது ஆண்டுப் படங்கள். சில படங்களில் அது கைகூடியது, சிலவற்றில் கூடவில்லை. மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘திருவிளையாடல்’ வசனத்தை ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று எங்கள் கிராமங்களில் இருந்தது. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டியதும் இசைத்தட்டில் சிவனும் நக்கீரனும் வாதிடத் தொடங்குவார்கள். படம் பார்க்காதவர்களுக்கும் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் தெரியும். கண்ணால் பார்க்காமல் காதாலேயே ஒரு நடிகரை இத்தனை பேர் அறிந்திருந்ததற்கு வேறோர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கட்டபொம்மன் கதைக்கும் எங்கள் மண்ணுக்கும் ஒரு தொடர்பு இருப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பாளையக்காரர்கள் கப்பம் கட்டவேண்டியிருந்தது ஆற்காட்டு நவாபுக்கு. அந்தக் கப்பத்தை வசூலிக்கும் உரிமையை 1792 உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டதால்தான் பாஞ்சாலங்குறிச்சியில் மோதல் மூண்டது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799-க்கு ஏழு ஆண்டுகள் கழித்து வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். சிவாஜி நாடக மன்றம் 1957-ல் கட்டபொம்மனை மேடையேற்றியது, 1959-ல் படமாகியது, 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. திரைப்பட நட்சத்திரமாகி ஐந்தாண்டு ஆனபிறகும் மேடையில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் படத்துக்குப் போனார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘வியட்நாம் வீடு’, ‘தங்கப்பதக்கம்’ இரண்டும் அவர் மேடையில் நடித்துப் பின்னர் படமானவை. எந்த வசனத்துக்குக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பல ஊர்களில் நேருக்கு நேர் பார்த்துவிட்டு கேமரா முன் நிற்பவருக்கும், காலையில் வசனத்தாளைக் கையில் வாங்குபவருக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

நீண்ட ஆயுளுக்கு மேடை கொடுத்த இன்னொரு வரம் வயது. 1966-ல் ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’யில் வீடு நிறையப் பிள்ளைகள் பெற்ற, நரைத்த குடும்பத் தலைவராக நடித்தார். ஜெயலலிதா அவருக்கு மகள். அப்போது சிவாஜிக்கு 37 வயதுதான். ‘வியட்நாம் வீடு’ வந்தபோது 41. படத்தில் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, வீட்டில் மதிப்பிழக்கும் பெரியவர். நாற்பதைத் தாண்டிய கதாநாயகர்கள் முடிக்குச் சாயம் பூசிக் கல்லூரி மாணவர்களாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவரும் அப்படி ஓடினார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதுமையை இளமையிலேயே நடித்துப் பழகியிருந்ததால், உண்மையான முதுமை வந்தபோது அவருக்கு அந்த வீடு ஏற்கெனவே பழக்கமானதாக இருந்தது.

எண்ணிக்கையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நூறாவது படம் ‘நவராத்திரி’, 1964, ஒன்பது வேடங்கள். 1969-ல் ‘தெய்வமகன்’, மூன்று வேடங்கள். ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. 1972-ல் ‘பட்டிக்காடா பட்டணமா’, ‘வசந்த மாளிகை’ என்று ஒரே ஆண்டில் இரண்டு பெரிய வெற்றிகள். இருநூறாவது படம் ‘திரிசூலம்’, 1979.

அரசியலில் மட்டும் வேறொருவராக மாறும் இந்த மந்திரம் பலிக்கவில்லை. திராவிட இயக்க மேடையில் தொடங்கியவர் ஐம்பதுகளின் நடுவிலேயே அதிலிருந்து விலகிப் பின்னர் காமராஜரின் தொண்டரானார். அந்தக் காமராஜர் முதலமைச்சரானதும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1954 இடைத்தேர்தலில், எங்கள் குடியாத்தத்தில். சிவாஜி கடைசிவரை அவரைத் தலைவர் என்றே சொன்னார். 1982-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1988-ல் தமிழக முன்னேற்ற முன்னணி என்று தனிக்கட்சி தொடங்கி, 1989-ல் திருவையாறு தொகுதியில் நின்று தோற்றார். எம்.ஜி.ஆர். எந்தப் படத்திலும் எம்.ஜி.ஆராகவே இருந்தார், வாக்காளர் திரையில் பார்த்தவரையே வாக்குச்சீட்டில் பார்த்தார். சிவாஜியைப் பார்க்கப் போனவர் கர்ணனையும் வ.உ.சி.யையும் ‘தில்லானா மோகனாம்பாள்’ சிக்கல் சண்முகசுந்தரத்தையும் பார்த்துவிட்டு வந்தார். தன்னை மறைத்துக்கொள்வதில் வல்லவர் தன் பெயரில் ஓட்டு கேட்டபோது மக்களுக்கு அந்த ஆள் பழக்கமில்லாதவராக இருந்தார். கலைஞனாக அவரை வாழவைத்த அதே குணம் அரசியல்வாதியாக அவரைத் தோற்கடித்தது. அதற்காக நான் வருத்தப்படுவதில்லை. அவர் தேர்தலில் ஜெயித்திருந்தால் ‘தேவர் மகன்’ கிடைத்திருக்குமா?

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரை வந்த படங்களைப் பற்றியும் உண்மையைப் பேசவேண்டும். அந்த ஆண்டுகளில் அவர் ஒப்புக்கொண்டவற்றில் பல, அவருக்கு எதையும் கொடுக்காத படங்கள். பழைய கண்ணீரையும் பழைய கர்ஜனையையும் கேட்டு வாங்கினார்கள். அவரும் கொடுத்தார். தயாரிப்பாளருக்கு அவர் பெயர் என்றால் ஏரியா விற்கும், முதலீட்டுக்கு மோசமில்லை. அந்தப் பாதுகாப்பே ஒரு கலைஞனைச் சோம்பலாக்கும். ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். அவரைப் பெரிதும் நேசிப்பதாலேயே நான் தயங்கவில்லை.

1985-ல் பாரதிராஜா அவரை வேறொரு இடத்துக்கு அழைத்துப்போனார். ‘முதல் மரியாதை’யில் கர்ஜனை இல்லை, நீண்ட வசனம் இல்லை. மரியாதை இல்லாத மணவாழ்க்கையைச் சகித்துக்கொண்டு, இளம்பெண் ஒருத்தியின் அன்பில் தடுமாறும் நடுவயதுக்காரர். தோளில் துண்டு, தளர்ந்த நடை, பாதியில் நின்றுவிடும் சிரிப்பு. முப்பது ஆண்டுகளாகப் பெரிதாக்கிக் காட்டியவர், ஒரு இயக்குநர் கேட்டவுடன் இவ்வளவு சிறிதாக்கிக் காட்ட முடிந்தது என்றால், அந்தச் சிறிது அவரிடம் எப்போதும் இருந்தது என்றுதான் பொருள். கேட்பவர்தான் இல்லை. ‘தேவர் மகன்’ 1992-ல் வந்தது. படத்தின் நடுவிலேயே இறந்துபோகும் பெரிய தேவர், படம் முடியும்வரை ஊரை ஆள்கிறார். அதற்காகத் தேசிய விருதில் நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டபோது அவர் அதை ஏற்கவில்லை. சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை என்பது நாட்டுக்கே குறை. 1995-ல் பிரான்ஸ் அரசு செவாலியே விருதளித்தது. 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் வந்தது. 1999-ல் ‘படையப்பா’வில் ரஜினிகாந்துக்குத் தந்தை. அதே ஆண்டு வந்த ‘பூப்பறிக்க வருகிறோம்’ கடைசிப் படம். 2001 ஜூலை 21-ல் மறைந்தார்.

2012-ல் டிஜிட்டலாகப் புதுப்பித்து வெளியிட்ட ‘கர்ணன்’ மறுபடியும் நூறு நாளைத் தாண்டி ஓடியது. 48 ஆண்டுப் பழைய படத்துக்கு, தாத்தாக்கள் பேரன்களை அழைத்துக்கொண்டு வந்தார்கள். அதைத் தொடர்ந்து அவருடைய வேறு பல படங்களும் புதுப்பிக்கப்பட்டு வந்தன.

அப்படி வந்த பேரன், பேத்திகளுக்கு ஒரு வரிசை சொல்ல ஆசைப்படுகிறேன். ‘பராசக்தி’யில் தொடங்காதீர்கள், அதன் வசன வேகம் இன்றைய காதுக்கு முதலில் அந்நியமாக இருக்கும், பிறகு அந்த அந்நியத்தையே அவர் மீது ஏற்றிவிடுவீர்கள். முதலில் ‘முதல் மரியாதை’ பாருங்கள். அடுத்து ‘அந்த நாள்’. அதில் இருக்கும் 25 வயது இளைஞரும் முன்பு பார்த்த நடுவயதுக்காரரும் ஒரே ஆள் என்று நம்பச் சிரமப்படுவீர்கள். பிறகு ‘தில்லானா மோகனாம்பாள்’, நாகஸ்வரத்தைப் பிடித்த கையையும் கன்னத்தையும் மூச்சையும் கவனிப்பதற்காக. இவை மூன்றையும் முடித்துவிட்டு ‘கர்ணன்’ போங்கள். முடிந்தால் அதற்கு முன் ஒரு கோடையில் செய்யாறு, ஆரணிப் பக்கம் வந்து விடியவிடிய ஒரு கர்ண மோட்சம் பார்த்துவிடுங்கள். ‘பராசக்தி’யைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.